காலையில் கேட்ட கடகடப்பு: டைமிங் செயின் டென்ஷனரைப் பற்றி

இரவு முழுவதும் நின்றிருந்த காரைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது, எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து இரண்டு மூன்று வினாடிகளுக்கு ஒரு கடகடப்புக் கேட்கத் தொடங்கியது. தகர டப்பாவில் காசுகளைப் போட்டுக் குலுக்கினால் எழும் ஓசைக்கு அது நெருக்கமானது. மூன்றாவது வினாடியில் யாரோ கைவைத்து அடக்கியதுபோல நின்றுவிடும். அதன்பின் மாலைவரை எத்தனை முறை அணைத்து மீண்டும் ஸ்டார்ட் செய்தாலும் கேட்காது. வண்டி அப்போது 96,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. டர்போவும் நேரடி எரிபொருள் பீச்சும் அமைப்பும் கொண்ட நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். இழுவையில் குறை இல்லை, மைலேஜ் குறையவில்லை, டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை. ஆகவே ஏறத்தாழ நான்கு மாதங்கள் அந்த ஓசையோடேயே வண்டியை ஓட்டினேன். அந்த நான்கு மாதங்களில் எஞ்சின் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை முன்மூடியைக் கழற்றிய நாளில்தான் கண்ணால் பார்த்தேன். இதே ஓசையை இப்போது கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பலர் இருப்பார்கள். சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறதே என்ற ஆறுதலில் அவர்களும் நாட்களைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள் என்பதால், நான் பார்த்ததையும் அளந்ததையும் கற்றுக்கொண்டதையும் விரிவாக எழுதிவைக்கிறேன்.

டைமிங் செயினின் வேலை சொல்வதற்கு எளிது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டையும் அது இணைக்கிறது. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்தக் கணக்கு எந்த வேகத்திலும் பிசகக் கூடாது. எஞ்சின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது கிராங்க் ஒரு வினாடிக்கு 50 முறை சுற்றுகிறது, கேம் 25 முறை சுற்றுகிறது, ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. இன்றைய எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் பிஸ்டன் மேலே வரும் இடமும் வால்வு கீழே இறங்கும் இடமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. நேரம் மட்டுமே அவற்றைப் பிரித்துவைக்கிறது. என் எஞ்சினில் கிராங்க் ஸ்பிராக்கெட்டுக்கு (செயின் ஓடும் பற்சக்கரம்) 18 பற்கள், கேம் ஸ்பிராக்கெட்டுக்கு 36 பற்கள். செயின் ஒரே ஒரு பல் தாண்டினால் வால்வின் நேரம் கிராங்க் கணக்கில் 20 பாகை பிசகிவிடும். ஒரு பல்லில் எஞ்சின் தடுமாறி ஓடும். இரண்டு மூன்று பற்கள் தாண்டினால் பிஸ்டன் வால்வை மோதி வளைத்துவிடும். அதன்பின் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமல் எதுவும் செய்ய முடியாது.

இழுக்கப்படும் பக்கத்தில் செயின் எப்போதும் விறைப்பாகவே இருக்கும். அங்கே செயினைத் தாங்கி வழிநடத்தும் அசையாத ஒரு கைடு போதும். தொய்வெல்லாம் திரும்பி வரும் பக்கத்தில்தான் சேர்கிறது. அங்கே ஒரு முனையில் கீல் வைத்த வளைந்த கைடு ஒன்று இருக்கும். அதன் மறுமுனையைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருப்பதுதான் டென்ஷனர். தொய்வு ஏன் வருகிறது என்று கேட்டால் பலரும் செயின் தேய்ந்துவிட்டது என்றே சொல்வார்கள். ஆனால் புத்தம்புதுச் செயினிலும் தொய்வு மாறிக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு எரிப்பிலும் கிராங்க் முன்னால் உதறுகிறது, அடுத்த அமுக்கத்தில் தயங்குகிறது. வால்வு ஸ்பிரிங்குகள் கேமை ஒரு கணம் பின்னுக்குத் தடுத்து, மறு கணம் முன்னுக்குத் தள்ளிவிடுகின்றன. இவற்றோடு வெப்பமும் சேர்கிறது. அலுமினியம் உருக்கைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவடையும். கிராங்கிற்கும் கேமுக்கும் இடையே 400 மில்லிமீட்டர் உயரம் இருப்பதாகவும், வெப்பம் 80 பாகை உயர்வதாகவும் வைத்துக்கொண்டால், அலுமினிய பிளாக்கும் ஹெட்டும் சேர்ந்து 0.7 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளர்கின்றன. உருக்குச் செயின் அதில் பாதியளவே வளர்கிறது. அதாவது, எஞ்சின் சூடாகும்போது செயின் தானாகவே விறைக்கிறது, குளிர்ந்திருக்கும்போது தளர்கிறது. காலையில் மட்டும் கேட்கும் ஓசையின் பாதி விளக்கம் இதிலேயே கிடைத்துவிடுகிறது.

மறுபாதி ஆயிலில் இருக்கிறது. இன்றைய டென்ஷனர்கள் பெரும்பாலும் ஹைட்ராலிக் வகையைச் சேர்ந்தவை. ஒரு சிறு உருளைக்குள் ஒரு பிளஞ்சர், அதன் உள்ளே ஒரு ஸ்பிரிங், அடியில் ஒரு குண்டு வால்வு. ஸ்பிரிங் பிளஞ்சரை வெளியே தள்ளுகிறது. ஆயில் பம்ப் அனுப்பும் ஆயில் குண்டைத் தாண்டி உள்ளே வந்து காலியான இடத்தை நிரப்புகிறது. செயின் திருப்பி அடிக்கும்போது குண்டு துளையை அடைத்துவிடும். உள்ளே சிக்கிய ஆயில் பிளஞ்சருக்கும் உருளைக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளி வழியாக மட்டுமே கசிய முடியும். அந்தக் கசிவுதான் அடியை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே டென்ஷனரை வெறும் தள்ளுகோலாக நினைப்பது போதாது. காரின் ஷாக் அப்சார்பர் சாலைக்குச் செய்வதை இது செயினுக்குச் செய்கிறது. எஞ்சின் அணைந்ததும் பம்ப் நின்றுவிடும். நல்ல டென்ஷனர் ஒரு இரவு முழுவதும் ஆயிலைப் பெருமளவு பிடித்துவைத்திருக்கும், தேய்ந்தது விட்டுவிடும். ஆயில் இல்லாத அந்த இடைவெளியில் பிளஞ்சர் முழுவதுமாக உள்ளே போய்விடாமலிருக்கப் பல டென்ஷனர்களில் ஒரு ராட்செட் இருக்கும்: பிளஞ்சரின் பக்கவாட்டில் வெட்டிய பற்களும், அவற்றில் விழும் ஒரு சிறு நாக்கும். வெப்பத்தால் செயின் விறைக்கும்போது முறிந்துவிடாமலிருக்க அந்த நாக்குக்கும் அசைய சிறிது இடம் விட்டிருப்பார்கள். எனவே ராட்செட் நன்றாக இருந்தாலும் ஆயில் வந்து சேரும்வரை செயின் சற்றே ஆடத்தான் செய்யும். ஆனால் அந்த ஆட்டம் ஓசையாகக் காதுக்கு எட்டினால், அளவு மீறிவிட்டது என்று பொருள்.

இந்தச் சிறு உறுப்பு எத்தனை விதங்களில் கெடும் என்பதைப் பிரித்துப் பார்த்துக்கொள்வது பயனுள்ளது. ஏனென்றால் ஓசை ஒன்றுதான், வைத்தியம் வேறு வேறு. குண்டு உட்காரும் இடத்தில் மணல் பருமனுள்ள ஒரு துணுக்கு ஒட்டினாலே போதும், ஆயில் இரவோடு இரவாக வடிந்துவிடும். பிளஞ்சரும் உருளையும் தேய்ந்து இடைவெளி அகன்றாலும் அதுவே நடக்கும். ஆயில் வரும் துளையின் வாயிலுள்ள மெல்லிய வலை கசடால் அடைபட்டால், டென்ஷனர் புதிதாக இருந்தும் பசியோடு கிடக்கும். ஆயில் ஃபில்டருக்குள் இருக்கும் திரும்பு தடுப்பு வால்வு மட்டமாக இருந்தால், அணைத்தபின் வழிகளில் நிற்க வேண்டிய ஆயிலெல்லாம் எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குத் திரும்பிவிடும். அப்போது குற்றம் டென்ஷனருடையதே இல்லை, ஃபில்டரை மாற்றினால் ஓசை போய்விடும். ராட்செட்டின் நாக்கோ அதைப் பிடிக்கும் கிளிப்போ உடைவது இவற்றில் மிகவும் அபாயமானது, ஏனெனில் ஆயில் இல்லாத நேரத்தில் செயினைக் காக்க அப்புறம் ஒன்றுமே இருக்காது.

இவையெல்லாம் நன்றாக இருந்தும் செயினே நீண்டுபோய், பிளஞ்சர் தன் கடைசிப் பல்வரை வெளியே வந்து, இதற்குமேல் தள்ள இடமில்லாமல் நின்றுவிடுவது இன்னொரு வகை. இங்கே டென்ஷனரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கடைசிப் பல்லில்தான் போய் நிற்கும். பணிமனைகளில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான் என்று நான் கருதுகிறேன்.

செயின் நீள்கிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில் உருக்குத் தகடுகள் நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின் என்ற சிறு தண்டும் அது உட்காரும் துளையும் தேய்கின்றன. என் செயின் 8 மில்லிமீட்டர் கண்ணி இடைவெளியும் 140 கண்ணிகளும் கொண்டது; மொத்த நீளம் 1,120 மில்லிமீட்டர். ஒவ்வொரு மூட்டிலும் 0.04 மில்லிமீட்டர், அதாவது தலைமயிரின் பருமனைவிடவும் குறைவாகத் தேய்ந்தாலே, மொத்தத்தில் ஐந்தரை மில்லிமீட்டருக்கு மேல் சேர்ந்துவிடும். தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் கண்ணியிலும் குற்றம் காண முடியாது. கையால் அசைத்துப் பார்த்து "செயின் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதில் பொருளில்லை.

இது ஏதோ ஒரு மலிவான எஞ்சினுக்கு வரும் நோய் என்று எண்ணுவோருக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். 1996இல் அறிமுகமான ஜாகுவார் வி8 எஞ்சினின் தொடக்ககாலப் பதிப்புகளில் கேம்களை ஒன்றோடொன்று இணைக்கும் இரண்டாம் நிலைச் செயின்களின் டென்ஷனர் உடல் பிளாஸ்டிக்கால் ஆனது. வெப்பத்தில் அது விரிசல் விட்டதால், பின்னர் உலோக உடல் கொண்டதாக மாற்றப்பட்டது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஈஏ888 எஞ்சினின் முந்தைய தலைமுறைகளில் ராட்செட்டைப் பிடிக்கும் பாகம் தோல்வியடைந்து, எஞ்சின் நின்றிருக்கும்போதே செயின் தளர்ந்து, அடுத்த ஸ்டார்ட்டில் பல் தாண்டியது. டென்ஷனரின் வடிவமைப்பு திருத்தப்பட்டது, அமெரிக்காவில் உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சினில் செயின் முன்பக்கத்தில் இல்லை, கியர்பாக்ஸ் பக்கத்தில், ஃப்ளைவீலுக்கு அருகில் இருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். பிஎம்டபிள்யூவும் பிரெஞ்சுக் கார் நிறுவனமான பிஎஸ்ஏவும் இணைந்து உருவாக்கிய பிரின்ஸ் எஞ்சின் பொருத்திய மினி கார்களின் உரிமையாளர்கள் குளிர் ஸ்டார்ட்டில் எழும் இந்த ஓசையை மரண ஓசை என்றே அழைத்தார்கள். பெயர்பெற்ற வடிவமைப்பாளர்களின் கையிலிருந்து வந்த எஞ்சின்களே இவை எல்லாம். ரப்பர் பெல்ட்டைப்போலக் குறிப்பிட்ட தூரத்தில் மாற்றத் தேவையில்லை, எஞ்சின் உள்ளவரை செயினும் இருக்கும் என்று சொல்லி விற்றதில், செயினைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணமே உரிமையாளர்களின் மனத்திலிருந்து போய்விட்டது என்பதுதான் எனக்கு உள்ளபடியே வருத்தம் தருகிறது.

நான் முதலில் காட்டிய மெக்கானிக் எஞ்சின் சூடாக இருக்கும்போது கேட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் திக்கான ஆயில் ஊத்திப் பாருங்க சார், சத்தம் அடங்கிடும்" என்றார். அடங்கவும் கூடும். தடித்த ஆயில் தேய்ந்த இடைவெளியில் மெதுவாகக் கசியும். ஆனால் அதே தடித்த ஆயில் குளிர்ந்த எஞ்சினில் டென்ஷனரைச் சென்றடையவும் அதிக நேரம் எடுக்கும். வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பின் நுண்ணிய வழிகளும் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. அறிகுறியை மறைத்துவிட்டு நோயை வளர்க்கும் வழி அது. நல்லவேளையாக நான் அதைச் செய்யவில்லை.

இரண்டாவதாக நான் சென்றவர் ஒன்று மட்டும் கேட்டார்: "சார், வண்டியை ராத்திரி இங்கேயே விட்டுட்டுப் போங்க, காலையில நீங்க வந்தப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணுவேன்." இந்த ஒரு வாக்கியத்திலேயே அவருக்கு வேலை தெரியும் என்று புரிந்துகொண்டேன். மறுநாள் காலை அவர் ஸ்டெதஸ்கோப்பின் முனையை முன்மூடியின் மீது, டென்ஷனர் இருக்கும் உயரத்தில் வைத்துக்கொண்டார். என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அடுத்த நாள் காலை வால்வு கவரின் முன்முனையில் வைத்துக் கேட்டார். வால்வு நேரம் மாற்றும் கேம் ஃபேஸரின் பூட்டு முள் தேய்ந்தாலும் ஏறக்குறைய இதே ஓசை வரும், ஆனால் அது மேலே, கேமின் முனையில்தான் ஓங்கிக் கேட்கும் என்பதால் அந்த இரண்டாவது சோதனை. நேரடிப் பீச்சு எஞ்சின்களில் இன்ஜெக்டர்கள் எப்போதும் டிக்டிக் என்று ஒலிக்கும். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் தளர்ந்தாலும் தகர ஓசை வரும். சைலன்சருக்குமேல் உள்ள வெப்பத் தகடு துருப்பிடித்து அதிர்வதைச் செயின் என்று நினைத்து எஞ்சினைத் திறந்தவர்களும் உண்டு. ஓசை எந்த நேரத்தில், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளாமல் முடிவு செய்யக் கூடாது. குளிரில் மட்டும் வந்து மறைந்தால் ஆயில் வடிகிறது. சூடான பிறகு, ஐடிலில் தொடர்ந்து கேட்டால் செயினோ கைடோ வெகுவாகத் தேய்ந்திருக்கிறது, அல்லது ஆயில் அழுத்தமே குறைந்திருக்கிறது. அந்த நிலையில் அழுத்தமானியை மாட்டி அளந்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பிறகு ஸ்கேனரை மாட்டினார். பிழைக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை. கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதைச் சொல்லும் பி 0016 போன்ற குறியீடுகள், பிசகு ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய பின்னரே பதிவாகும். வரம்புக்குள் இருக்கும் பிசகைப் பார்க்க நேரடி அளவீடுகளுக்குள் போக வேண்டும். அங்கே கேம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து கிராங்க் கணக்கில் ஐந்து பாகைக்குச் சற்று அதிகமாகப் பின்தங்கியிருந்தது. விறைப்பான பக்கத்தில் செயின் நீண்டால் கேம் தாமதமாகத்தான் சுற்றும் என்பதால், அந்தத் தாமதம் செயினின் தேய்மானத்தை எஞ்சினைத் திறக்காமலேயே காட்டிவிடுகிறது. இந்த எண்ணைப் பார்த்த பிறகு நான் வண்டியை எடுத்துச் செல்லவில்லை. இந்த ஓசை உறுதிப்பட்டுவிட்டால், இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு பயணம் என்று ஓட்டக் கூடாது என்பதில் எனக்கு இப்போது சிறிதும் ஐயமில்லை.

முன்மூடியைக் கழற்றிய நாளில் நான் அருகிலேயே இருந்தேன். டென்ஷனரின் பிளஞ்சர் ஏறக்குறைய முழுவதும் வெளியே வந்து, கைடின் முதுகில் ஒரு பளபளப்பான குழியைப் பதித்திருந்தது. கைடின் பிளாஸ்டிக் முகத்தில் செயினின் இரு தகட்டு வரிசைகளும் ஓடிய தடம் இரண்டு பள்ளங்களாக ஆழ்ந்திருந்தது. தேன் நிறத்தில் இருந்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கருஞ்சிவப்பாகக் கன்றியிருந்தது, கீழ்முனையில் விரல்நக அளவு துண்டு ஒன்று காணவில்லை. டென்ஷனரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரலால் பிளஞ்சரை அழுத்தினேன். ஆயில் நிறைந்த நல்ல டென்ஷனர் கல்லைப்போல எதிர்த்து நிற்கும். இது பஞ்சில் விரல் இறங்குவதுபோல நாக்கு விழும் இடம்வரை இறங்கியது, குண்டு வால்வின் பக்கத்திலிருந்து கரிய ஆயில் ஒரு துளி வழிந்து என் மணிக்கட்டுவரை ஓடியது. புதிய டென்ஷனரை அதே ஆயிலில் மூழ்கவைத்து நிரப்பி அழுத்தினேன். முழு உடல் எடையையும் கொடுத்துத்தான் மெல்ல மெல்ல நகர்த்த முடிந்தது.

செயினைப் பற்றி அவர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார்: "டென்ஷனர் மட்டும் மாத்தினாலும் சத்தம் நின்னுடும் சார். ஆனா செயினை அளக்காம நான் மூடியைப் போட மாட்டேன்." பழைய செயினையும் புதிய செயினையும் மேசைமீது தட்டையாக இழுத்து, ஒரே ஆணியில் ஒரு முனையை மாட்டி, அருகருகே கிடத்தினோம். மறுமுனையில் பழையது மூன்று மில்லிமீட்டர் நீண்டு நின்றது. மடித்துக் கிடத்திய நீளம் பாதிதான் என்பதால் உண்மையான வளர்ச்சி ஆறு மில்லிமீட்டர், அதாவது நூற்றுக்கு அரைக்குச் சற்று மேல். பிறகு இரண்டையும் பக்கவாட்டில் கிடைமட்டமாகப் பிடித்துக் காட்டினார். புதியது ஏறத்தாழ நேராக நின்றது. பழையது தன் எடையிலேயே வில்லாக வளைந்து தொங்கியது. ஸ்கேனர் காட்டிய ஐந்து பாகையும் ஆணியில் தெரிந்த மூன்று மில்லிமீட்டரும் ஒன்றையொன்று ஒப்புக்கொண்டபோது எனக்கு ஏற்பட்ட நிறைவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊகத்தின் பேரில் செய்யும் வேலைக்கும் அளந்து செய்யும் வேலைக்கும் உள்ள வேறுபாடு அந்த மேசைமீது கிடந்தது. செயின், இரு கைடுகள், மூன்று ஸ்பிராக்கெட்டுகள், டென்ஷனர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவதென்று முடிவு செய்தோம். தேய்ந்த பற்களில் புதிய செயினை ஏற்றினால் அது விரைவாகத் தேயும் என்பதால் ஸ்பிராக்கெட்டுகளை விட்டுவைக்கவில்லை.

கைடில் காணாமற்போன துண்டு எங்கே போனது என்ற கேள்வி மிச்சமிருந்தது. பலர் இந்த இடத்தில் மூடியைப் போட்டுவிடுகிறார்கள். சம்ப்பை இறக்கிப் பார்த்தபோது, ஆயில் பம்ப் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரின் வலையில் அந்தத் துண்டும், இன்னும் சிறிய கருஞ்சிவப்புச் சில்லுகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. வலையின் ஒரு பகுதி அடைபட்டால் பம்ப் தரும் ஆயில் குறையும், டென்ஷனருக்கு வருவதும் குறையும், செயின் இன்னும் அதிகமாக அடிக்கும், கைடு இன்னும் உடையும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இந்தச் சுழலைச் சம்ப்பை இறக்காமல் அறுக்க முடியாது.

பொருத்தும் வேலையில் அவர் காட்டிய சில கவனங்கள் எழுதத்தக்கவை. கிராங்கையும் கேம்களையும் அந்த எஞ்சினுக்கே உரிய பூட்டுக் கருவிகளால் நிறுத்தினார். பெயின்ட் குறிகளை மட்டும் நம்பவில்லை. சில எஞ்சின்களில் ஸ்பிராக்கெட்டுக்குச் சாவிக்கட்டை இருக்காது, போல்ட்டின் இறுக்கமும் உராய்வும் மட்டுமே அதைப் பிடித்துவைக்கும். அங்கே பூட்டாமல் போல்ட்டைத் தளர்த்தினால் நேரம் அந்தக் கணமே தொலைந்துவிடும். ஒரு முறை இழுபட்ட கிராங்க் போல்ட்டையும் கேம் போல்ட்டுகளையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியவற்றை டார்க் ரெஞ்சாலும் கோண அளவாலும் இறுக்கினார். டென்ஷனரின் அடியிலுள்ள ஆயில் துளையையும் அதன் வலையையும் காற்றடித்துச் சுத்தம் செய்தார். புதிய டென்ஷனரின் பூட்டுப் பின்னை எல்லாம் இறுக்கிய பிறகே உருவினார். வெளியிலிருந்து கழற்றக்கூடிய ராட்செட் டென்ஷனர் உள்ள எஞ்சின்களில் இன்னொரு ஆபத்து உண்டு: போல்ட்டைச் சற்றே தளர்த்திவிட்டு அப்படியே மறுபடி இறுக்கக் கூடாது. தளர்ந்த அந்தக் கணத்தில் பிளஞ்சர் ஓரிரு பற்கள் முன்னேறிவிடும். திரும்ப இறுக்கும்போது செயின் அளவுக்கு மீறி விறைத்து, கைடையும் பேரிங்கையும் தின்னத் தொடங்கும். முழுவதும் கழற்றி, பிளஞ்சரைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிய பிறகே மாட்ட வேண்டும்.

அதன்பின் எஞ்சினை அது ஓடும் திசையிலேயே, கையால், இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றினார். எங்கும் தடை இல்லை. பூட்டுக் கருவிகள் மறுபடி தாமாக உட்கார்ந்தன. ஆனால் செயினின் நிறக் கண்ணிகள் ஸ்பிராக்கெட் குறிகளுக்கு எதிரே வந்து நிற்கவில்லை. முதல்முறை இந்த வேலையைச் செய்பவர்கள் இதைக் கண்டு பதறி எல்லாவற்றையும் மீண்டும் கழற்றிவிடுவதுண்டு. கண்ணிகளின் எண்ணிக்கை பற்களின் எண்ணிக்கையின் மடங்காக அமையாததால், நிறக் கண்ணிகள் பல சுற்றுகளுக்குப் பிறகே பழைய இடத்துக்கு வரும். அவை பொருத்தும் நேரத்துக்கான அடையாளம் மட்டுமே.

எஞ்சினை ஒருபோதும் பின்திசையில் சுற்றக் கூடாது என்று அவர் வலியுறுத்தியதிலிருந்து எனக்கு வேறொரு பழக்கமும் மாறியது. பின்னோக்கிச் சுற்றினால் விறைப்பான பக்கம் தளர்ந்து, தளர்ந்த பக்கம் விறைத்து, முழுச் சுமையும் டென்ஷனர்மேல் விழும். மேனுவல் கியர் வண்டியைச் சரிவில் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் மட்டும் நிறுத்தினால், வண்டி ஓரங்குலம் நகர்ந்து, எஞ்சினைப் பின்திசையில் திருகிக்கொண்டு நிற்கலாம். ஆயில் வடிந்த, ராட்செட் பழுதான டென்ஷனர் அந்த நிலையில் பின்வாங்கிவிட்டால், மறுநாள் காலை ஸ்டார்ட்டர் சுற்றும் முதல் கணத்திலேயே செயின் பல் தாண்டும். நான் இப்போது சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட்பிரேக்கை முழுவதும் இழுத்து, வண்டியின் எடை அதன்மேல் அமர்ந்த பிறகே கியரில் போடுகிறேன். ஓசை வரும் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதையும் அறவே விட்டுவிட வேண்டும்.

ஆயிலைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது, ஏனென்றால் என் செயினைத் தின்றது ஆயில்தான். நேரடிப் பீச்சு பெட்ரோல் எஞ்சின்கள் நுண்ணிய கரியை உண்டாக்குகின்றன; குறுகிய பயணங்களில் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்கிறது. கரி கலந்த, நீர்த்த ஆயில் செயினின் பின்களுக்கு இடையே அரைப்புப் பசைபோல வேலை செய்கிறது. இது ஏதோ தனிமனித அனுபவமாக நின்றுவிடவில்லை. 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வகுத்த எஸ்பி ஆயில் தரத்தில், ஃபோர்டின் 2.0 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினை ஓட்டி டைமிங் செயின் எவ்வளவு தேய்கிறது என்று அளக்கும் சோதனையே சேர்க்கப்பட்டது. என் வண்டியின் முந்தைய பதிவுகளைப் புரட்டியபோது இரண்டு முறை ஆயில் மாற்றத்துக்கு இடையே 20,000 கிலோமீட்டருக்கும் மேல் போயிருந்தது தெரிந்தது. கையேடு அனுமதிக்கும் உச்ச வரம்பை இலக்காக எடுத்துக்கொள்வது செயின் உள்ள சிறு டர்போ எஞ்சினுக்கு நல்லதில்லை என்பது என் கருத்து. இப்போது 8,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது, தயாரிப்பாளர் குறித்த அதே தடிமனில், செயின் தேய்மானச் சோதனையைத் தாண்டிய ஆயிலையும், திரும்பு தடுப்பு வால்வு சரியாக உள்ள ஃபில்டரையும் போடுகிறேன். ஆயில் அளவை மாதம் இருமுறை கோலை உருவிப் பார்க்கிறேன். அளவு குறைந்தால் வளைவுகளில் பம்ப் காற்றை உறிஞ்சும், அந்தக் காற்று டென்ஷனருக்குள்தான் போய்ச் சேரும்.

எல்லாம் பூட்டிய பிறகு, எரிபொருளைத் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டுச் சுற்றி ஆயில் அழுத்தத்தை ஏற்றினார். பிறகு எரிபொருளை இணைத்து ஸ்டார்ட் செய்தபோது நாலைந்து முறை டக்டக் என்றது; புதிய டென்ஷனருக்குள் இருந்த காற்று வெளியேறும் ஓசை அது என்றார். அதன்பின் அடங்கியது. ஸ்கேனரில் கேமின் பிசகு அரைப் பாகைக்கும் கீழே நின்றது. அந்த எண்ணை நாளோடும் கிலோமீட்டரோடும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வண்டியிலேயே வைத்தேன். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனரை மாட்டி அதன் கீழே அடுத்த வரியை எழுதுகிறேன். மாதத்தில் ஒருநாள், இரவு முழுவதும் நின்ற வண்டியின் பானெட்டைத் திறந்துவைத்து, போனை முன்மூடியின் அருகே பிடித்து, முதல் பத்து வினாடி ஓசையைப் பதிவு செய்து பழைய பதிவோடு அடுத்தடுத்து ஓடவிட்டுக் கேட்கிறேன். இதுவரை குறிப்பேட்டில் நான்கு வரிகள் இருக்கின்றன. நான்கிலும் எண் ஒரு பாகையைத் தொடவில்லை.